அன்செல்மோவின் பன்றிக்குச் சட்டப்படி நான் தகப்பன் ஆனது

மதிப்பிற்குரிய மூத்த சகோதரி பெர்பெத்துவா அவர்களுக்கு, தும்மங்காஸிலிருந்து தம்பி கிரிசாந்தோ பணிவுடன் எழுதுவது.

நான் நலம் என்று தொடங்குவதுதான் முறை. நலமாக இல்லாததால் அந்த வரியை விட்டுவிட்டேன். தாவோவில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அத்தான் மாத்திரைகளைத் துப்பாமல் விழுங்குகிறார் என்றும் நம்புகிறேன். இனி விஷயம். உன் மகள் ரொசாவ்ரா என் வீட்டிலிருந்து சட்டக் கல்லூரிக்குப் போய்வரட்டும் என்று அனுப்பிவைத்தாயே, அவள் படிக்கிறாள். குறை சொல்ல முடியாது. ஆனால் படித்ததையெல்லாம் என் மேல்தான் பிரயோகிக்கிறாள்.

பக்கத்து வீட்டு அன்செல்மோவை உனக்குத் தெரியும். அவனுடைய பலாமரக் கிளை விழுந்து என் கூரை உடைந்ததிலிருந்து மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. போன மாதம் மகளுக்குப் பிரசவம் என்று செபுவுக்குக் கப்பலேறினான். பன்றியைப் பார்த்துக்கொள்ள மச்சினனை விட்டுப் போனான். மச்சினன் இரண்டாம் நாளே மணிலாவில் வேலை கிடைத்தது என்று கிளம்பிவிட்டான். மூன்றாம் நாள் புயல். மதியம் நான் சோற்றில் கருவாட்டை வைத்துக் கையை நீட்டுகிறேன், அந்தப் பக்கம் பன்றி அலறுகிறது. எட்டிப் பார்த்தால் கொட்டிலில் தண்ணீர் அதன் கழுத்துவரை. எதிர்வீட்டுத் திபுர்சியோ ஜன்னலில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன செய்தேன்? அரிவாளால் மூங்கில் வேலியை வெட்டி, இடுப்பளவு சேற்றில் இறங்கி, அந்த மலையை இழுத்து வந்து என் சமையலறையில் விட்டேன். கருவாட்டைத் தின்றது அதுதான்.

மழை விட்டதும் திருப்பி ஓட்டக் கிளம்பினேன். வாசலில் உன் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“மாமா, எங்க ஓட்டுறீங்க?”

“அதோட வீட்டுக்கு.”

“அங்க யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. அது என் பிரச்சினையா?”

“இப்ப உங்க பிரச்சினைதான். கேட்பாரில்லாம கிடக்கிற அடுத்தவன் சொத்தை ஒருத்தன் தானா கையில எடுத்தா, காரியம் முடியிற வரைக்கும் பாத்துக்கணும். இல்லன்னா உடையவனை வரவழைச்சு ஒப்படைக்கணும். நடுவுல கைகழுவக் கூடாது.”

“நான் எதுலயாவது கையெழுத்துப் போட்டேனா?”

“போட வேண்டாம். ஒப்பந்தம் இல்லாமலே வர்ற கடமை இது.”

“நான் பேசாம சோறு தின்னுட்டு இருந்திருந்தா?”

“ஒரு கடமையும் இல்ல.”

அக்கா, இதை நீ இரண்டு தடவை படிக்க வேண்டும். ஜன்னலில் காப்பி குடித்த திபுர்சியோ சுதந்திர மனிதன். சேற்றில் இறங்கியவன் கட்டுப்பட்டவன். இதை ஒரு சட்டம் என்று அச்சடித்து, கெட்டி அட்டை போட்டு விற்கிறார்கள். இன்னும் கேள். நான் அந்தப் பன்றியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்? நல்ல குடும்பத் தகப்பன் காட்டுகிற அக்கறையோடு. புத்தகத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

“நான் கல்யாணமே பண்ணிக்கல,” என்றேன்.

“சட்டம் அதைக் கேக்கல மாமா.”

நேரே ஊர்த் தலைவி நோர்மிந்தாவிடம் போனேன். அந்த அம்மாள் கேட்டுவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்க மருமக சொல்றது சரிதாண்ணே. அன்செல்மோவுக்குப் போன் போட்டு வரச் சொல்லுங்க,” என்றாள்.

“நான் அவனோட பேசறதில்ல.”

“பேசாம இருக்கிறது உங்க உரிமை. பன்றி உங்க கடமை.”

பேசினேன், அக்கா. மூன்று வருடம் கழித்து நான் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை ‘பன்றி’. அதைத் திட்டு என்று நினைத்து அவன் போனை வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டேன். விவரத்தைச் சொன்னேன். “அது சினையா இருக்கு. பேத்திக்குக் காய்ச்சல், இப்ப வர முடியாது. தவிட்டைச் சூடாக் குடு. இடது காதுக்குப் பின்னாடி சொறிஞ்சாதான் படுக்கும்,” என்றான். வேண்டுகோள் இல்லை, உத்தரவு. நான் வாழைத்தண்டு நறுக்கினேன், கீரை பறித்தேன், காது சொறிந்தேன். பத்தாம் நாள் காலையில் என் அடுப்படியில் ஏழு குட்டி போட்டது. ஒன்றுக்கு மூச்சு வரவில்லை. என் துண்டால் தேய்த்துத் தேய்த்து வரவைத்தேன். உன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள், பிற்பாடு சாட்சிக்கு உதவுமாம்.

போன வியாழன் அன்செல்மோ வந்தான். வாசலுக்குள் காலை வைக்கும் முன்பே கேட்டான்:

“வேலியை எவன் வெட்டினது?”

“நான்தான்.”

“உன்னை யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல.”

ஏழு குட்டிகளையும் எண்ணினான். திரும்பவும் எண்ணினான். “நல்லாத் தின்னிருக்கு,” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். நன்றி என்று ஒரு சொல் இல்லை. “உங்க கடமை தீர்ந்துது மாமா,” என்றாள் ரொசாவ்ரா, பாதிரியார் பாவமன்னிப்புக் கொடுக்கிற குரலில். சமையலறையை மூன்று தடவை கழுவினேன். அங்கே இப்போது நின்று பேசினால் எதிரொலிக்கிறது.

ஆகவே, அக்கா, உன் மகளை உடனே சட்டத்திலிருந்து எடுத்து நர்ஸ் படிப்பில் சேர்த்துவிடு. நான் இனி யாருக்கும் எதற்கும் கடமைப்படாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து சாகத் தீர்மானித்திருக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம். குழந்தை இயேசு உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் தம்பி,
கிரிசாந்தோ

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அன்செல்மோ வந்தான். பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு மறுபடி செபு போகிறானாம், பத்து நாள். எட்டையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று இந்தத் தடவை வாய்விட்டுக் கேட்டான். சரி என்று சொன்னால் அது முழு ஒப்பந்தம், இன்னும் இறுக்கமாகக் கட்டும் என்று ரொசாவ்ரா எச்சரித்தாள். அப்படியானால் எழுது என்றேன். என் பங்குக்கு ஒரே நிபந்தனை: தாய்ப்பன்றியை எந்த விருந்துக்கும், எந்தத் திருவிழாவுக்கும் நெருப்பில் வாட்டக் கூடாது. அன்செல்மோ பேனாவைக் கையில் எடுத்தான். “எத்தனை வருஷத்துக்கு?” என்றான். ரொசாவ்ரா என்னைப் பார்த்தாள்.

“அது வயசாகித் தானா சாகிற வரைக்கும்னு போடு,” என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டான்.