கலப்பில்லாத குளவிகள்

இந்தப் பூமியில் மாசுமறுவற்ற குலம் என்று ஒன்று மிச்சமிருந்தால் அது எங்கள் நிலையத்துக் குளவிகளின் குலம்தான் என்று, உருப்பெருக்கியில் கண்ணை வைத்தபடி மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். சத்தமாகச் சொல்லியிருந்தால் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

பயிர் தின்னும் புழுக்களைக் கொல்லும் குளவிகளைப் பெட்டி பெட்டியாக வளர்த்து அனுப்புவது எங்கள் தொண்டு. பெண் குளவி புழுவைக் கொட்டி அதன்மேல் முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்று வளரும். ஆண் குளவிக்குக் கொடுக்கே கிடையாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஸ்தாபகர் ஒரு வேலியோரம் பிடித்த ஒரே தாய்க் குளவியின் வாரிசுகள்தான் இத்தனையும். வரவேற்பறையில் ஸ்தாபகரின் படமும் அந்தத் தாயாரின் படமும் ஒரே அளவில் தொங்குகின்றன. ஜன்னல் வழியே வெளிக் குளவி நுழைந்தால் அடிக்க ஒரு மட்டையும், அடித்ததைக் குறிக்க ஒரு நோட்டும் உண்டு.

நிர்வாகமும் அதே 'தூய்மை'யில் நடந்தது. இயக்குநர், ஸ்தாபகரின் மகன். வளர்ப்புக் கூடம் தம்பிக்கு, கிடங்கு மச்சானுக்கு. தரச் சான்றில் கையெழுத்திடும் நான் இயக்குநரின் அக்கா மகள். வீட்டில் 'மாமா'; வாசலைத் தாண்டினால் 'சார்'.

காலையில் ஒரு தக்காளித் தோட்டக்காரப் பெண் வந்திருந்தார்.

"உங்க குளவிங்க ரொம்ப நல்ல பிள்ளைங்கம்மா. இலை மேல உக்காந்து வெயில் காயுதுங்க. ஒண்ணை ஒண்ணு துரத்தி விளையாடுதுங்க. புழு பக்கம் மட்டும் தலைவெச்சுப் படுக்க மாட்டேங்குதுங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"போன தடவை பாதிக் காய் போச்சு. இதுவும் போனா தோட்டத்தை விட்டுட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். நாளைக்கு வர்ற பெட்டியாவது வேலை செய்யுமா? நீ சொன்னா நம்பறேன்."

அதனால்தான் நாளைய பெட்டிகளைத் திறந்து எண்ணினேன். ஏழுக்கு ஒன்றுதான் பெண். உறவுக்குள்ளேயே கூடிக் கூடி, பெண்ணாக வேண்டிய முட்டைகளெல்லாம் ஆணாகிக்கொண்டிருந்தன.

கணக்கை இயக்குநரிடம் சொன்னதும், மதியம் அவசரக் கூட்டம் கூடியது.

"பெட்டிக்கு ஐந்நூறு இருக்கா, இல்லையா?" என்றார் இயக்குநர்.

"இருக்கு சார். ஆனா முக்கால்வாசிக்கு மேல ஆம்பளைங்க."

"ஆம்பளைங்கன்னா அவ்வளவு மட்டமா?" என்று கிடங்கு மச்சான் புண்பட்டார். "நாங்கல்லாம் இங்க வேலை பாக்கலையா?"

எல்லோரும் அவரவர் டீயைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

"காட்டுக் குளவி கொஞ்சம் பிடிச்சு வந்து கலந்தா சரியாயிடும் சார்," என்றேன்.

தம்பியின் கையிலிருந்த டீ சிந்தியது. "வெளியாளையா? தெருவுல போறதையெல்லாம் உள்ள விட்டா நம்ம வம்சம் என்னாகறது?"

நீண்ட ஆலோசனைக்குப் பின் தோல்விக்குக் காரணம் 'புழுக்களின் ஒத்துழைப்பின்மை' என்று ஏகமனதாக முடிவாயிற்று. வளர்ப்புக் கூடத்தைச் சீர்திருத்த இயக்குநரின் இளைய மகனை நியமிப்பதென்றும் தீர்மானித்தார்கள். அவன் ஏற்கெனவே கூட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தான்.

மேசையைச் சுற்றிப் பார்த்தேன். ஏழு பேர். ஆறு ஆண்கள், நான் ஒருத்தி. இந்தக் கணக்கைக் காலையில்தான் உருப்பெருக்கியின் கீழ் பார்த்திருந்தேன். நான் மட்டும் எந்த வேலியைத் தாண்டி வந்தேன்? நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "அம்மாவுக்கு முட்டி வலி எப்படியிருக்கு?"

இயக்குநர் சான்றிதழை என் பக்கம் நகர்த்தினார். 'கொல்லும் திறன்: மிக நன்று' என்று முன்பே அச்சாகியிருந்தது.

"போடும்மா. வண்டி காத்துட்டிருக்கு."

பேனாவை எடுத்தேன். நீ சொன்னா நம்பறேன் என்றிருந்தார் அந்தப் பெண். மூடியைத் திருகி மூடிவிட்டுத் தாளை இயக்குநர் பக்கமே திருப்பி வைத்தேன்.

"சாராச் சொல்லல. மாமாவாச் சொல்றேன். போடு."

"மாமா சொன்னாருன்னுதான் வேலைக்கே வந்தேன்," என்றேன் மெல்ல. "அந்த ஒரு தப்பு போதும் சார்."