முந்தின தேதியிட்ட வெற்றி

ஓட்டப் பந்தயத்தை ஓடுகிறவர்கள் நடத்துகிறார்கள் என்று உலகம் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்த மூடநம்பிக்கையை 1955ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமை மாலை, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஒழித்துக்கட்டிய பெருமை காரைக்கால் வாலிபர் தேகவளர்ச்சிக் கழகத்தையே சாரும். பந்தயத்தை நடத்துபவை நாற்காலிகளும் காமிராவும். கழகத்தின் செயலாளர் என்ற முறையில் இதற்கு நான் சான்றளிக்கிறேன். சான்றளிப்பதுதான் என் வேலை.

எங்கள் தலைவர் மாணிக்கவேல், நொத்தேர் ஆபீசில் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவர். அதற்கு முந்தின வருஷம் அக்டோபர் முப்பத்தொன்று வரை 'முசே' மாணிக்கவேல். மறுநாள் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. அவர் 'ஸ்ரீ' மாணிக்கவேல் ஆனார். இடையில் ஒரு பொழுதுகூட அவர் பட்டம் இல்லாமல் இருந்ததில்லை.

ஆண்டு விழாவுக்குப் புதுச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வர இசைந்தார். வாலிபர்களின் தேகவளர்ச்சியில் அவருக்கு அளவுகடந்த அக்கறை. அது சனிக்கிழமைகளில்தான் பொங்கும்; திருநள்ளாறு எங்கள் ஊரிலிருந்து ஐந்து கிலோமீத்தர். ஐந்து மணிக்கு அவர் சனீசுவரன் சன்னதியில் இருந்தாக வேண்டும். ஓட்டமோ, மணல் சூடு தணிந்து ஐந்தேகாலுக்கு மேல்தான் நடக்கும். காமிராக்காரர் ஜெய்னுலாபுதீனும் ஒரு குண்டைப் போட்டார்.

"வெயில் சாஞ்சா எம் பொட்டியில ஒண்ணும் விழாதுங்க. நாலேகாலுக்குள்ள முடிச்சிடணும்."

ஜெய்னுலாபுதீன் சைகோனில் பன்னிரண்டு வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தவர். அன்று அவர் கையில் இருந்தவை மூன்றே கண்ணாடித் தகடுகள்; தகட்டுக்கு ஒரு படம்தான். அடுத்த தகடு புதுச்சேரியிலிருந்து வரப் பத்து நாள் ஆகும்.

தலைவர் இரண்டு நிமிஷம் கண்ணை மூடினார். திறந்தபோது உலக விளையாட்டு வரலாற்றில் ஒரு புதிய முறை பிறந்திருந்தது.

"பரிசளிப்பை முதல்ல வச்சிக்கலாம். ஓட்டம் எங்க ஓடிடப் போவுது?"

"யாருக்குங்க குடுக்கிறது?" என்று கேட்டேன்.

"பாத்தா ஜெயிச்சவன் மாதிரி இருக்கணும்."

அப்படி ஒருவர் தயாராக இருந்தார். தலைவரின் அக்காள் மகன் சோமு. அன்றைய பந்தயத்தில் பெயர் கொடுத்தவர்களில் கான்வாஸ் பூட்ஸ் போட்டிருந்தவர் அவர் ஒருவரே. காலில் பூட்ஸ் இருக்கும்போது வேகம் எதற்கு?

மணல்வெளியில் நாற்காலிகள் போடப்பட்டன. பின்னால் வெள்ளைத் திரை வேண்டுமென்றார் ஜெய்னுலாபுதீன். கிளிஞ்சல்மேட்டு நீலமேகம் தன் படகுப் பாயையே அவிழ்த்துக்கொண்டு வந்து கட்டினான். இருபத்திரண்டு வயது. கட்டுமரத்தை ஒரு தோளில் தாங்குகிற உடம்பு. அவனும் ஓட வந்தவன்தான். துறைமுக ஆபீசில் காவலர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கழகப் பந்தயத்தில் முதலாவதாக வந்த சான்றும் படமும் வைத்தால் முன்னுரிமை. விண்ணப்பம் திங்கட்கிழமைத் தபாலில் போக வேண்டும். போன ஐப்பசியில் அவன் அப்பன் கடலோடு போய்விட்டதிலிருந்து, மகனைக் கரையில் ஒரு வேலையில் பார்த்துவிட வேண்டுமென்று அவன் தாய் அஞ்சுகம் நேர்ந்துகொள்ளாத கோயில் இல்லை.

சோமுவுக்காக வரவேற்புக் குழு மாலை கட்டிக்கொண்டிருந்ததை நீலமேகம் பார்த்தான்.

"ஐயா, ஓட்டம் எப்பங்க?"

"பரிசு குடுத்ததுக்கு அப்பறம்."

"அப்ப யாரு ஜெயிச்சாங்க?"

"அது ஓடுனாத்தானேப்பா தெரியும்," என்றேன். நியாயமான பதில். இன்றுவரை அதில் எனக்குக் குறை தெரியவில்லை.

முதல் தகட்டில் அதிகாரி காரிலிருந்து இறங்கினார். இரண்டாவதில், சரியாக நாலு பத்துக்கு, சோமு கோப்பை வாங்கினார். வியர்வைக்காக அவர் நெற்றியில் தண்ணீர் தெளித்தது என் யோசனை. மூன்றாவது, நிர்வாகக் குழு எட்டுப் பேர் அமர்ந்த படம். தலைவர் உட்கார்ந்ததும் அவர் நாற்காலி மணலில் புதைந்து சாய்ந்தது. நீலமேகம் ஓடிவந்து பின்னால் நின்று, நாற்காலியையும் தலைவரையும் சேர்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். படம் விழுந்தது. தலைவர் விழவில்லை.

அதிகாரி கிளம்பினார். பிறகு, சடங்குக்காக, ஓட்டம்.

அரசலாற்றுப் பாலத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும். நீலமேகம் வெறுங்காலோடு திரும்பி வந்தபோது மற்றவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. சோமு கோப்பையைக் கீழே வைக்க மனம் வராமல் கையோடு கொண்டு ஓடினார். பாதி வழியில் சோடாக் கடையில் நிறுத்தி, "ஜெயிச்சிட்டீங்களா தம்பி?" என்று கேட்டிருக்கிறார்கள். "நாலு பத்துக்கே," என்றிருக்கிறார். அங்கிருந்து குதிரை வண்டியில் வந்து சேர்ந்தார்.

மூச்சு வாங்க வந்து நின்ற நீலமேகத்தின் முன்னால் நாற்காலிகள் காலியாக இருந்தன. மீன் கூடையோடு அஞ்சுகம் என்னிடம் வந்தாள்.

"ஏங்க செக்கட்டேரி ஐயா, வலையே எறக்கல, அதுக்குள்ள மீன வித்துப்புட்டீங்களா?"

"நாளைக்குக் குழு கூடி முடிவெடுக்கும்மா."

"முடிவுதான் மொதல்லயே எடுத்துட்டீங்களே. இனி ஆரம்பத்தை எடுக்கவா கூடுறீங்க?"

ஞாயிறு காலை குழு கூடியது. வாசலில் நீலமேகமும் அஞ்சுகமும் விண்ணப்பத் தாளோடு நின்றார்கள். ஜெய்னுலாபுதீன் படங்களையும் தகடுகளையும் கொண்டுவந்தார். கூடவே ஒரு சங்கடத்தையும்.

"நான் சைகோன்ல குதிரைப் பந்தயம் படம் புடிச்சிருக்கேங்க. அங்க குதிரை ஓடி முடிச்ச பொறவுதான் பரிசு குடுப்பாங்க."

"அது வெள்ளைக்காரன் முறை," என்றார் ஸ்ரீ மாணிக்கவேல். "நாம சுதந்திரம் வாங்கியாச்சு."

"இல்லீங்க, ஓடுனது அந்தப் புள்ளை. ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்தா பொழச்சிக்கும்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருஷப் பத்திர அனுபவம் அறையில் எழுந்து நின்றது.

"ஒரே மனைக்கு ரெண்டு பத்திரம் இருந்தா எது செல்லும்? செக்கட்டேரி, சொல்லும்."

"முந்தின தேதிப் பத்திரங்க."

"படம் நாலு பத்துக்கு. ஓட்டம் அஞ்சு இருவதுக்கு. அப்ப எது செல்லும்?"

குழு கைதட்டியது. சட்டமும் விளையாட்டும் இவ்வளவு நெருங்கி வந்ததை நாங்கள் கண்டதில்லை. தீர்மானத்தை நானே எழுதினேன்: 'வெற்றியாளர் முடிவான பின்னர் நிகழ்ந்தபடியால், நீலமேகம் என்பவரின் ஓட்டத்தைக் கழகம் தேகப்பயிற்சியாகக் கருதி மகிழ்கிறது.' 'மகிழ்கிறது' என்ற சொல் என் சொந்தச் சேர்க்கை.

அடுத்து, குழுப் படம். தலைவர் முகம் சுளித்தார்.

"புதுச்சேரிக்குப் போவப்போற படம். பின்னால வெத்துடம்போட எவனோ நிக்கிறான். எடுத்துடும்."

ஜெய்னுலாபுதீன் என்னைப் பார்த்தார். நான் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மெல்லிய தூரிகையால் சிவப்பு மை தீட்டினார். தகட்டில் மை பட்ட இடம் படத்தில் வெளுத்துவிடுமாம். தலை போயிற்று, தோள் போயிற்று. நீலமேகம் தன் படகுப் பாய்க்குள்ளேயே கரைந்துபோனான். திடீரென்று தூரிகை நின்றது.

"இதுக்கு மேல கை வைக்க முடியாதுங்க. நாற்காலியப் புடிச்சிருக்கிற வெரலு நாலும் உங்க தோள்மேல கெடக்கு. அதை அழிச்சா உங்க தோளும் போயிடும்."

தோளா, விரலா என்று குழு ஆலோசித்தது. தோள் வென்றது. விரல்கள் தப்பின.

ஜெய்னுலாபுதீன் அந்தத் தகட்டிலிருந்து புதுப் படம் போட்டுத் தந்ததும், வாசலுக்குப் போய்த் தீர்மானத்தைப் படித்துக் காட்டினேன். நீலமேகம் கோபப்படவில்லை. புதுப் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தான்.

"நாலு வெரலு இருக்கே. இத வச்சு எழுதிப் போடலாங்களா? கீழ எம் பேரு மட்டும் போட்டுக் குடுங்க, போதும்."

"வாடா," என்றாள் அஞ்சுகம். "வெரலுக்கு மட்டும் எவன்டா உத்தியோகம் குடுப்பான்."

இருவரும் போனார்கள். மறுநாள் விடியுமுன் அவன் கடலில் இருந்தான்.

துறைமுகக் காவலர் வேலை சோமுவுக்குக் கிடைத்தது. சான்று, படம், பூட்ஸ் மூன்றும் பொருந்தியிருந்தன. மூன்றாம் வாரம் கிடங்கிலிருந்து ஒருவன் மூட்டையோடு ஓட, சோமு முறைப்படி விசில் ஊதினார். துரத்திப் பிடித்தவன், கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த நீலமேகம். அதைப் படம் பிடிக்க ஆளில்லாததால், அது நடந்ததாகக் கழகம் கருதவில்லை.

புகைப்படம் பொய் சொல்லாது என்பார்கள். முற்றிலும் உண்மை. கழகச் சுவரில் அந்தக் குழுப் படத்தை மாட்டியிருக்கிறோம், வந்து பாருங்கள். அந்த நான்கு விரல்கள் இன்றும் நடந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பக்கத்துப் படத்தின் அடியில் 'ஓட்டத்தில் முதற்பரிசு: சோமு' என்றும், இதன் அடியில் 'இடமிருந்து வலம்' என்று தொடங்கி எட்டுப் பெயர்களும் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கின்றன. ஒன்பதாவது பெயருக்கு இடம் தாராளமாக இருந்தது. பொய் முழுவதும் அந்த எழுத்தில்தான்.

கையெழுத்து என்னுடையது.