முக்காலியில் மாப்பிள்ளை அழைப்பு

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் வந்து உட்காருவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாவது வரை படித்தவன். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் அரிசி ஆலையில் மூட்டை மீது மையால் போட்ட ‘பச்சை’, ‘புழுங்கல்’ என்ற இரண்டே வார்த்தைகள்தான். பேச்சும் வராது. நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் உடம்பு விறைத்துக் கண் தானாக மூடிக்கொள்ளும். (கண்ணை மூடினால் அவர்களுக்கு நான் தெரியமாட்டேன் என்று ஒரு நம்பிக்கை. பூனையிடமிருந்து வந்தது.) இந்தப் பழக்கம் என்னை ஒரு நாள் பிணமாக்கிவிட்டது. அந்தக் கதையைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். செத்தவன் பக்கத்தையும் ஒரு தரம் கேட்டுவிடுங்கள் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

என் தாய்மாமன் மாணிக்கத்துக்குக் கள்ளக்குறிச்சியில் லேத் பட்டறை. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை அறுத்து, காயலான் கடை இரும்பைச் சேர்த்துப் பற்றவைத்து, ஒரு வண்டி செய்தார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. கூரை இல்லை, கதவு இல்லை. மாமாவும் பக்கத்தில் ஒருவரும் உட்காரலாம். பின்சக்கரத்தின் மேல் பலகை போட்டு இன்னொருவரை ஏற்றலாம். மாமா அதைக் கார் என்றார். ஊர் அதை முக்காலி என்றது.

முக்காலிக்குப் பின்னால் போகத் தெரியாது. மோட்டார் சைக்கிளுக்கு ஏது ரிவர்ஸ் கியர்? திருப்ப வேண்டுமானால் எல்லோரும் இறங்கி, வாலைத் தூக்கி, மூஞ்சியை வேண்டிய திசைக்கு வைக்க வேண்டும். மூன்று பேராவது வேண்டும். மாமாவும் நானும் இரண்டு பேர். மூன்றாவது ஆளைத் தெருவிலிருந்து கூப்பிடுவது என் வேலை. (கூச்சக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.)

இருந்தும் மாமா என்னைத்தான் எங்கேயும் இட்டுக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை கோமுகி அணை. விருந்தாளி வந்தால் சின்னசேலம் ஸ்டேஷன். ஒரு முறை கல்வராயன் மலை மேல் வெள்ளிமலைக்குக் கிளம்பினோம். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ். நான் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டேன். சாமை மூட்டையோடு இறங்கி வந்த மலைப் பெண்கள் நாலு பேர் மூட்டையை இறக்கி வைத்தார்கள். எங்களோடு சேர்த்தே வண்டியைத் தூக்கிக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளிமலை போகிறோமா, வருகிறோமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது, இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில். அதன் நியாய அநியாயம் பேசுகிற அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. (“அந்தப் படிப்பு உனுக்கு ஏன் கெடைக்கலன்றதுதான்டா போராட்டமே” என்பார் மாமா.) பெண் கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்து ஊர். பெயர் செல்வி. கல்யாணத்துக்கு முதல் நாள் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை. சொந்தக்காரர்கள் விடிவதற்கு முன்பே வரப்பு வழியாக நடையைக் கட்டினார்கள்.

“மாப்ள நடந்து போறதா? அதுவும் என் அக்கா மவனா?” என்றார் மாமா. “மாப்ள அழைப்புக்குத் தொறந்த காரு வேணும். நம்மகிட்ட கீது.”

பெண்ணின் அப்பா ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தார்: விளக்கு வைப்பதற்குள் மாப்பிள்ளை வந்து சேராவிட்டால், செல்வியின் முறைமாமன் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறான், குறித்த முகூர்த்தம் வீணாகாது. நான் செல்வியை ஒரே ஒரு முறை, அதுவும் பாதிக் கண்ணால்தான் பார்த்திருந்தேன். ஆனாலும் அந்தப் பாதிக்கே எனக்கு அவளை விட்டுக்கொடுக்க மனசில்லை.

வண்டியை மாமாவே அலங்கரித்தார். கூரை இல்லாத குறைக்குப் பச்சை மூங்கிலைப் பிளந்து வளைவு கட்டினார். மேலே தென்னங்கீற்று பின்னினார். ரோஜா மார்க்கெட்டுக்கு வரவில்லை, சாமந்திதான் கிடைத்தது. சுற்றிலும் சாமந்தி தொங்கவிட்டார். நடுவில் மாலையும் கழுத்துமாக நான். பின்பலகையில் வரிசைத் தட்டோடு என் அக்கா சரசு. (பச்சை மூங்கில், தென்னங்கீற்று, சாமந்தி. எங்கள் பக்கத்தில் இந்த மூன்றையும் சேர்த்து எதைச் செய்வார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை. கல்யாண அவசரம்.)

பாதி வழியில் ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அந்தப் பக்கம் பெரிய கூட்டம். அத்தனை கண்ணும் எங்கள் மேல் விழுந்தது. எனக்கு உடம்பு விறைத்தது. கண் மூடிக்கொண்டது.

கோஷம் சட்டென்று நின்றது. யாரோ ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. “டேய், துண்ட எடுங்கடா தலையிலேர்ந்து. சாவு வருது.”

மாமா, “யோவ், யாரப் பாத்து...” என்று ஆரம்பித்தார். அக்கா பின்னாலிருந்து அவர் விலாவில் கிள்ளினாள். காரணம், கூட்டத்தின் தலைவர், முண்டாசு கட்டிய பெரியவர், ஓரமாக நின்ற இன்னொரு கல்யாண வேன்காரரிடம் அந்த நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: “கண்ணாலத்த நாளிக்கு வெச்சிக்கலாங்க. சாவத் தள்ளி வெக்க முடியுமா? சாவு, ஆஸ்பத்திரி, ரெண்டத்தான் வுடுவோம்.”

திரும்பிப் போகலாமென்றால் வண்டிக்குத் திரும்பத் தெரியாது. அக்கா மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள்.

“என்னப் பெத்த தம்பியே! துன்ன தட்ட ஒரு நாளும் கழுவாத ராசாவே! கழட்டிப் போட்ட என் ரேடியோவ மாட்டாமலே போறியே! வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசத் தெரியாத மரமே! மாட்டுக்குக்கூட ஒரு அம்மான்ற சத்தம் உண்டே!”

அழுகை பொய். விஷயமெல்லாம் நிஜம். அந்தக் கூட்டத்தில் நாலைந்து பெண்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

“வயசுப் புள்ளயா கீறானே. கண்ணாலம் ஆச்சா?” என்றார் முண்டாசுக்காரர்.

“நாளிக்குத்தாங்க கண்ணாலம்!” என்றாள் அக்கா. அதுவும் உண்மைதான். அதுதான் எங்களைக் கெடுத்தது.

“எந்த ஊர்லம்மா?”

மாமா ஊர்ப் பெயரைச் சொல்லித் தொலைத்தார். கூட்டத்திலிருந்து ஒருவன் அலறினான். “அய்யய்யோ! எங்க தெரு செல்வியக் கட்டிக்கப் போற கள்ளக்குறிச்சி மாப்ளையா? நேத்து நான்தானே பந்தக்கால் நட்டேன்!” அடுத்த நிமிஷம் அவன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் இறங்கிச் சேதி சொல்லப் பறந்தான். அவனைத் தடுக்க வேண்டுமானால் பிணம் வாயைத் திறக்க வேண்டும். பிணத்துக்கோ உயிரோடு இருக்கும்போதே வாய் திறக்காது.

“சரிங்க, நாங்க கெளம்பறோம்” என்று மாமா அவசரப்பட்டார்.

“இருய்யா. கண்ணாலம் ஆவாத புள்ளைய அப்டியே எடுத்துக்கினு போவக் கூடாது. ஆவி அலையும்” என்றார் முண்டாசுக்காரர். “ஒரு எருக்கஞ்செடியப் புடுங்கிக்கினு வாங்கடா.”

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கல்யாணமாகாமல் செத்தவனுக்குச் செடிக்கோ மரத்துக்கோ தாலி கட்ட வைத்துத்தான் வழியனுப்புவார்கள். வேரோடு எருக்கஞ்செடி வந்தது. அக்காவின் வரிசைத் தட்டிலிருந்தே மஞ்சள் கிழங்கும் நூலும் எடுத்தார்கள். என் கையைப் பிடித்து முடிச்சுப் போட வைத்தார்கள். செடியிலிருந்த எறும்புகள் பெண் வீட்டார் மாதிரி கூட்டமாக என் கையில் ஏறின. நான் அசையவில்லை. என் வாழ்க்கையில் நான் நன்றாகச் செய்த ஒரே காரியம் அது.

“பொணம் வேர்க்குதே” என்றது ஒரு குரல்.

“வெயில்ல ஜாஸ்தி நேரம் வெச்சா பொணமும் வேர்க்கும். தூக்குங்கடா” என்றார் முண்டாசுக்காரர். செடியை என் மடியில் வைத்து, முக்காலியை எங்களோடு தோளில் ஏற்றிப் புளியமரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறக்கினார்கள். தோளில் போகிற பாடையில் உட்கார்ந்து போவது எப்படி இருக்கும் என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என்னைக் கேட்கலாம். ஆட்டம் கம்மிதான்.

மாமா விரட்டினார். சைக்கிள் எங்களை முந்திவிட்டிருந்தது. பொழுது சாய நாங்கள் போய் நின்றபோது பெண் வீட்டு வாசலில் கட்டிய வாழை மரங்கள் அவிழ்த்துக் கிடந்தன. வரப்பு வழியாக முன்னாலேயே வந்திருந்த என் அம்மா தெருவில் விழுந்து புரண்டுகொண்டிருந்தாள். முறைமாமன் குளித்துவிட்டுப் புது வேட்டியில், ஈரத் தலையோடு தயாராக நின்றான்.

நான் இறங்கி, “அம்மா” என்றேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு, உயிரோடு இருந்ததற்காக ரெண்டு அறை விட்டாள்.

பெண்ணின் அப்பா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. என் மடியிலிருந்து விழுந்த செடியைப் பார்த்தார். “இன்னா இது? மஞ்சக் கவுறு கட்டிக்கீது?”

அக்கா நடந்ததைச் சொன்னாள். தெருவே சிரித்தது. அவர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டார். “வெளையாட்டு இல்லம்மா. நாலு பேரு பாக்கத் தாலி கட்டிட்டான். என் பொண்ண ரெண்டாந்தாரமா குடுக்க மாட்டேன்.” முறைமாமன் தலையைத் துவட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான்.

நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. தெரு முழுக்க என்னைப் பார்த்தது. கண் மூடிக்கொண்டது.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“யப்பா, மூத்தவ இருந்துட்டுப் போவட்டும். சண்டைக்கு வர மாட்டா, சோறு கேக்க மாட்டா. இப்டி ஒரு சக்களத்தி யாருக்குக் கெடைக்கும்?” பிறகு கொஞ்சம் தணிந்து, “சாவுற மாதிரி நடிச்சாவது வந்து சேந்துக்கீறாரு. பக்கத்து வூட்டுக்காரரு என்னாத்தப் பண்ணாரு? குளிச்சாரு.”

கண்ணைத் திறந்தேன். வாசற்படியில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். முதன்முறையாக அவளை முழுக் கண்ணாலும் பார்த்தேன். மாமனார் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், “மரத்தக் கட்டுங்கடா” என்றார். வாழை மரங்கள் திரும்ப நிமிர்ந்தன.

இப்போதும் பஸ்ஸில் போகும்போது சாலையோரம் எருக்கு தெரிந்தால் செல்வி என் விலாவில் இடிப்பாள். “அக்கா நிக்குது. இறங்கி ஒரு வார்த்த பேசிட்டு வர்றது?” பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கமாலை வாங்கிக்கொண்டு நான் உள்ளே நுழைந்தால் என் பிள்ளைகள், “அம்மோவ், பெரியம்மா வந்துட்டாங்க” என்று கத்துவார்கள். மாமா கடைசிவரை, அன்று வண்டி ஒரு இடத்திலும் மக்கர் பண்ணாமல் ஓடியதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மறுநாள் விடியற்காலை செல்விக்குத் தாலி கட்டினேன். சாலை திறக்கவில்லை. முண்டாசுக்காரரும் அவர் ஆட்களும் பந்திக்கு வந்திருந்தார்கள். அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட பின் முக்காலியின் வாலைத் தூக்கிக் கள்ளக்குறிச்சிப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். எருக்கஞ்செடி வாடியிருந்தது.