கரடியும் நரியும் நூத்திப்பத்து டிகிரியும்

ஒரு காட்டில் மாசாணன்னு ஒரு கரடி இருந்தான். சும்மா இருந்திருந்தா கதையே இல்ல. அவன்கிட்ட ஒரு புகையடுப்பு இருந்துச்சு. கறியை உள்ள வெச்சு மூடிட்டா, கரி நெருப்புப் புகையிலயே மெதுவா வேகுற பெரிய பீப்பா.

அந்த வருஷம் புலிராஜா பிறந்தநாள் விருந்து மாசாணன் தலையில விழுந்துச்சு. போன வருஷம் சமைச்சது ஒரு ஓநாய், கறியைத் தீய விட்டுட்டான். ராஜா கறியை ஒதுக்கி வெச்சிட்டு ஓநாயைச் சாப்பிட்டாரு.

மாசாணன் நேரா குணாளன் நரிகிட்ட ஓடினான். குணாளன் வாழ்க்கையில ஒரு முட்டை கூட வேக வெச்சதில்ல. ஆனா அடுப்பு பத்தி அவன் போடுற வீடியோவைத்தான் காடே பார்க்கும். மைக் அவ்ளோ நல்ல மைக்!

“ப்ரோ, ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் போடுங்க. சூடு குறைஞ்சா குட்டி ஃபேன் காத்து ஊதும், கூடினா நின்னுடும். சூடு எவ்ளோன்னு போன்ல கோடு போட்டே காட்டும்.”

“எதை வாங்குறது?”

“சூடு பாக்குற ஊசி ஒண்ணு வெச்சது கத்துக்குட்டிங்களுக்கு. நாலு ஊசி வெச்சது உங்களை மாதிரி ஆளுங்களுக்கு.”

“நான் ஒரே ஒரு தொடைதானே வைக்கப் போறேன்?”

“இப்படிக் கேக்குறவங்களுக்கு விறகே போதும் ப்ரோ.”

ரோஷம் வந்துருச்சு. நாலு ஊசியே வாங்கிட்டான். அப்புறம்தான் ரிவ்யூ படிச்சான். ‘பொருள் பிரமாதம், அட்டைப்பெட்டி நசுங்கிருச்சு, ஒரு ஸ்டார்’னு ஒரு முள்ளம்பன்றி எழுதியிருந்தது. அதை நினைச்சே அன்னிக்குச் சோறு இறங்கல.

விருந்தன்னிக்கு விடியக்காலையில அடுப்பைப் பத்த வெச்சான். நூத்திப்பத்து டிகிரி. கோடு ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி! மான் தொடையை உள்ள வெச்சான். பச்சைக் கறி, ஜில்லுனு இருந்துச்சு. கோடு சட்டுனு கீழ இறங்கிருச்சு. பதறிப்போய் தொடையை வெளிய எடுத்தான். கோடு நேராச்சு. திரும்ப வெச்சான், இறங்குச்சு. திரும்ப எடுத்தான்.

“ஏங்க, கறி வெளியவே கிடக்கே?”ன்னா அவன் பொண்டாட்டி சடைச்சி.

“கோடு கொஞ்சம் ஆடாம நிக்கட்டும்டி.”

“ராஜா கோட்டையா திங்கப் போறாரு?”

“உனக்கு டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது, போ.”

கோடு நின்னுச்சு. போட்டோ எடுத்து குரூப்ல போட்டான். வந்த பாராட்டுக்கெல்லாம் நன்றி சொல்லி முடிக்குறதுக்குள்ள, வெளிய கிடந்த தொடையைக் கழுதைப்புலி கவ்விட்டுப் போயிருச்சு.

ராஜா வந்தாரு. ஓசி விருந்துக்குக் குணாளனும் முந்திக்கிட்டு வந்து நின்னான்.

“டேய் மாசாணா, பசி உயிர் போகுது. கறி எங்கடா?”

மாசாணன் போனை நீட்டினான். “நூத்திப்பத்து ராஜா! ஒரு டிகிரி அசையல!”

ராஜா மூடியைத் தூக்கினாரு. உள்ள நாலு ஊசி தொங்குது, கறி இல்ல. போன வருஷம் ஓநாயைப் பார்த்த அதே பார்வை.

“இ... இவன்தான் ராஜா வாங்கச் சொன்னான்!”

குணாளன் அசரல. “அது பழைய மாடல் ராஜா. புதுசுல ஆறு ஊசி, ஒண்ணொண்ணும் எப்படி நிக்கும்னா...” விளக்கிக்கிட்டே அடுப்புக்குள்ள எட்டிப் பார்த்தான்.

“சூடு சரியா இருக்காடா?”

“சரியா இருக்கு ராஜா.”

ராஜா பின்னாலருந்து ஒரே தள்ளு. மூடி விழுந்துச்சு.

போன்ல கோடு சரேல்னு கீழ இறங்குச்சு. மாசாணன் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. “அய்யோ, என் கோடு போச்சே!”

சாயங்காலம் ராஜா வாயைத் துடைச்சிக்கிட்டே அவனைத் தலைமைச் சமையல்காரன் ஆக்கிட்டாரு. மாசாணன் உட்கார்ந்து ரிவ்யூ எழுதினான்: ‘நரி வெச்சா கோடு ஆடுது. மூணு ஸ்டார்.’

நீதி: எந்த மிஷின் வேணா வாங்கு, வாங்கச் சொன்னவனை மட்டும் கடைசி வரைக்கும் பக்கத்துலயே வெச்சுக்கோ. கறிக்கு ஆவான்.