முனிக்கு நேர்ந்த கிடாவும் பேஜார் மச்சானும்

தென்னாற்காடு ஜில்லாவிலேயே ஆடு மாடுகளை வக்கணையாகத் திட்டத் தெரிந்த மனுஷன் எங்கள் பேஜார் மச்சான் ஒருவர்தான். மனிதர்களைத் திட்டமாட்டார். அவர்களோடு பேசுவதே அபூர்வம். பேசினாலும் "பேஜாரு" என்று ஆரம்பித்து "பேஜாரு" என்றே முடிப்பார். மழை பெய்தால் பேஜாரு, பெய்யாவிட்டால் பெரிய பேஜாரு. என் மனைவிக்கு அண்ணன், கல்யாணம் கட்டாதவர். நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் ஊரிலேயே யாருக்கும் அடையாளம் தெரியாது.

கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு இரண்டு காணியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லை, ஒரு கூரைக் கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு பசு, இரண்டு எருது, கொஞ்சம் கோழி. இவர் படுக்கையும் அதற்குள்தான். நான் அப்போது விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. லீவுக்குக் குடும்பத்தோடு அங்கே போனால் காலையில் எங்களை எழுப்புவது சேவல் அல்ல, சேவலைத் திட்டும் சத்தம்.

"கூவிட்டியா? உன்ன நம்பித்தான் சூரியன் காத்துக்கினு கீறாரு பாரு. போ அந்தாண்ட."

கறக்கும்போது பசு காலைத் தூக்கினால், "இன்னா மகாராணி, கால் வலிக்குதா? மெத்தை போடட்டா?" என்பார். மறுநாள் பார்த்தால் பசுவுக்கு அடியில் புது வைக்கோல் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பியிருக்கும்.

இப்பேர்ப்பட்ட ஆளிடம் போய் ஆடு வளர்க்க விட்டோம். என் பையன் கைக்குழந்தையாக இருந்தபோது மாந்தம் கண்டு, பிழைப்பானா மாட்டானா என்று ஆகிவிட்டது. என் அம்மா முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் முனி கோயிலில் காது குத்தி, கிடா வெட்டுவதாக நேர்த்தி. பையன் பிழைத்தான். ஒரு குட்டியை வாங்கி, தாய்மாமன் முறைக்கு நீயே வளர்த்துக் கொடு என்று மச்சானிடம் ஒப்படைத்தோம். அவர் அதற்குத் துரை என்று பேர் வைத்தார். வெட்டப் போகிற ஆட்டுக்குப் பேர் வைக்கக் கூடாது என்பது எந்த மடையனுக்கும் தெரியும்.

அப்புறம் நாங்கள் போகும்போதெல்லாம் துரை புராணம்தான். "தொரைக்கு வேப்பந்தழை எறங்காதாம் மாப்ள. அகத்தி வோணுமாம். நான் மைலம் வரைக்கும் போயி ஒடிச்சிக்கினு வரணுமாம். இவன முனி ஜல்தியா கூப்டுக்கினா எனக்குப் பேஜாரு உட்டுது." சொல்லிக்கொண்டே கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி அதன் வாயில் வைப்பார். வெட்டுகிற அன்றைக்கு இந்த மனுஷன் என்ன ஆவாரோ என்று அப்போதே என் மனைவியிடம் சொன்னேன்.

காதுகுத்து நாள் வந்தது. யுத்த காலம், எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. கறிச் சோறு என்றதும் என் ஆபீஸ் சகாக்கள் நாலு பேர் காலை ரயிலில் மயிலம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே கோயிலுக்கு வந்துவிட்டார்கள். பையனை மச்சான் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். பையன் அழுதான். மச்சான் அவனுக்கு மேல் அழுதார்.

அடுத்தது துரை. எங்கள் பக்கத்தில் வெட்டுவதற்கு முன்னால் ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். உதறாத ஆட்டின் மேல் கத்தி வைக்கக் கூடாது. பொதுவாகக் காதுக்குள் தண்ணீர் போன மாத்திரத்தில் உதறிவிடும். பூசாரி ஒரு சொம்பு ஊற்றினார். துரை அசை போட்டது. இன்னொரு சொம்பு ஊற்றினார். துரை அவருடைய வேட்டி நுனியை ருசி பார்த்தது. குடத்தோடு கவிழ்த்தும் ஒன்றும் நடக்கவில்லை.

"முனி எதுக்கோ கோச்சிக்கினாரு" என்றார் பூசாரி. என் சகாக்களில் ஒருவர், பரம நாஸ்திகர், கண்ணை மூடி முனியிடம் மன்றாட ஆரம்பித்தார்.

அம்மா சூடத் தட்டை எடுத்துக்கொண்டு ஆட்டின் கிட்டே போனாள். நானும் கூடவே போனேன். துரையின் இரண்டு காதுக்குள்ளும் விளக்கெண்ணெயில் தோய்த்த பஞ்சு. தண்ணீர் ஊற்றிய வேகத்தில் ஒன்று கொஞ்சம் வெளியே வந்திருந்தது. அம்மா நிமிர்ந்து மச்சானைப் பார்த்தாள். அவர் வேப்ப மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா யாரையும் லேசில் விடுகிறவள் அல்ல, வேண்டுமானால் என் மனைவியைக் கேளுங்கள். அப்படிப்பட்டவள் அந்தப் பஞ்சைக் கட்டைவிரலால் திரும்ப உள்ளே அழுத்திவிட்டு, "சாமிக்கு இஷ்டமில்ல. பூசணிக்கா ஒடச்சிப் பொங்க வைங்க" என்றாள்.

கறிக்குழம்புக்குப் பதில் பூசணிக்காய்க் குழம்பு. திரும்பும்போது ரயிலிலேயே சகாக்கள் எனக்குப் பட்டம் சூட்டிவிட்டார்கள். அந்த ஆபீஸில் இருந்தவரைக்கும் எனக்குப் பூசணிக்காய் என்றுதான் பேர்.

மறு வருஷம் ஐப்பசியில் பையனுக்கு விஷக் காய்ச்சல் கண்டது. டாக்டர் கையை விரித்துவிட்டுப் போன நாளும் உண்டு. எப்படியோ காய்ச்சல் இறங்கத் தொடங்கி, இனிப் பயமில்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போன அன்று மத்தியானம், கொட்டுகிற மழையில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் மச்சான் வந்து நின்றார். கையில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் துரை. பிள்ளை படுத்த படுக்கை என்று யாரோ சந்தையில் சொல்லியிருக்கிறார்கள். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்ஸில் ஆட்டை ஏற்றமாட்டேன் என்று பஸ்காரன் சொன்னதால் கூட்டேரிப்பட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"அத்தே, நான்தான் பாவி. அன்னிக்கி இவன் காதுல பஞ்சு அடச்சது நான்தான். முனி அந்தக் கோவத்த புள்ள மேல காட்டிட்டாரு. இப்ப ஒண்ணும் அடைக்கல, பாருங்க." துரையின் இரண்டு காதையும் மடித்துக் காட்டினார். "நேந்தவங்க கையால நீங்களே தண்ணி ஊத்துங்க. வெட்டிடலாம்."

இத்தனை பேச்சில் ஒரு பேஜாருகூட வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, பாழாய்ப்போன ஆடு, தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறியது. மச்சான் கயிற்றை விட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மழையில நனைஞ்சா உதறாம இன்னா பண்ணும்?" என்றாள் அம்மா. "பஞ்ச அன்னிக்கே பாத்தேன். நழுவனத உள்ள தள்னதே நான்தான். கிடாவுக்குப் பதிலு பூசணிக்கா எடுத்துக்கப்பான்னு முனி கிட்ட அப்பவே சொல்லிட்டேன். புள்ளைக்கிக் காய்ச்சல் எறங்கிட்ச்சி. உள்ள வந்து தலையத் தொவட்டு. அதுக்கும் தொவட்டி உடு."

மச்சான் வெகுநேரம் அழுதார். பிறகு எழுந்து, என் புது டவலால் துரையைத் துடைத்து, அதே டவலால் தன் தலையையும் துடைத்துக்கொண்டு பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பையன் வாயில் ஒரு கரண்டி கஞ்சி, துரை வாயில் ஒரு கொத்துத் தழை.

"முழுங்குடா. நீயும் முழுங்கு. ரெண்டு பேரும் சேந்துக்கினு என்ன நடக்க வெச்சே சாவடிக்கிறீங்களே. உங்களோட பெரிய பேஜாருடா."

பையன் சிரித்தான். நான் சுவரில் சாய்ந்து அந்த வசவைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் போனேன். பிள்ளை படுத்ததிலிருந்து அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.