மஸ்தான் காருக்குச் சந்தனம் மட்டும்

மிங்கலா தாங்ஞுன்ட்,
ரங்கூன்.

சென்னை பர்மா பஜாரில் பொம்மைக்கடை வைத்துச் சிறப்பாய் இருக்கும் தம்பி நாகரத்தினத்துக்கு, அக்காள் ஜெயம்மா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் பேரன் பாலாவும் மின்சாரமும் இருக்கிறோம். அடிக்கடி உயிர் போய் வருவது மின்சாரத்துக்குத்தான், மற்ற இருவரும் சுகம். உன் முட்டி இன்னும் மடங்க மாட்டேன் என்கிறதா?

பாலாவுக்குப் பெண் பார்த்திருப்பது உனக்குத் தெரியும். போட்டாதாங்கில் கிடங்கு வைத்திருக்கும், பர்மாக்காரர்கள் மரியாதையாய் 'ஊ' போட்டுக் கூப்பிடும் ஊ நல்லப்பனின் மகள் ரூபா. பெண் தங்கம். தகப்பனுக்குத்தான் ஒரு வியாதி, அதே வியாதி பாலாவுக்கும் இருப்பதால்தான் சம்பந்தமே வந்தது. இரண்டு பேரும் அமெரிக்கக் கார் சேர்க்கிறவர்கள். நிஜக் கார் என்று நினைத்துவிடாதே. இந்த ஊர் ரோட்டில் ஓடுவதெல்லாம் ஜப்பான்காரன் ஓட்டிச் சலித்த கார். இவர்கள் சேர்ப்பது உள்ளங்கையில் அடங்குகிற இரும்புக் கார், மசில் கார் என்று பேராம். மசில் என்றால் சதையாம். தடவிப் பார்த்தேன், ஒரு பொட்டுச் சதை இல்லை. நல்லப்பன் வந்தாலே பழசா புதுசா என்று மல்லுக்கட்டுதான். "அந்தக் காலத்து வண்டி உறுமினா நாலு தெரு தள்ளித் தூங்குறவன் எந்திரிப்பான், தம்பி. இப்ப வர்றது கம்ப்யூட்டருக்குச் சக்கரம் மாட்டினது" என்பார் அவர். "உங்க வண்டி நேராத்தான் ஓடும் மாமா, திருப்பினா ஆத்துல கிடக்கும். புதுசு, பிரேக்கைத் தொட்டா நிக்கும்" என்பான் இவன். இரண்டு பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது. என்னைக் கேட்டால், பழசுக்கு உருண்டைக் கண், வெள்ளிப் பல், கல்யாண வாசலில் நின்று வரவேற்கிற பெரிய மனுஷன் மாதிரி. புதுசு கண்ணை இடுக்கிக்கொண்டு, பந்தியில் உப்பு இல்லை என்று சொல்ல வந்தவன் மாதிரி. நான் பழசுக் கட்சி.

போன மாதம் நல்லப்பன் தன்னிடம் இருந்ததிலேயே பழைய சிவப்புக் காரைப் பெட்டியோடு பாலாவிடம் கொடுத்து, "நிச்சயம் வரைக்கும் பெட்டி பிரியாம வச்சிரு. பொருளைக் காப்பாத்தத் தெரிஞ்சவனுக்குத்தான் எம் பொண்ணு" என்றாராம். என்னிடம் யார் சொன்னார்கள்? பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்றுதான் யார் சொன்னார்கள்? பெட்டி மேல் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். 'திறக்காதே' என்று தமிழில் எழுதியிருந்தால் படித்திருப்பேன், ஐந்தாவது வரை படித்தவள்தானே.

ஆயுத பூஜை வந்தது. தையல் மெஷினுக்குப் பொட்டு, அரிவாள்மனைக்குப் பொட்டு, உன் அத்தான் ரயில்வேயில் பிடித்த ஸ்பேனருக்குப் பொட்டு. அலமாரியில் இத்தனை வாகனம் பெட்டிக்குள் மூச்சுமுட்டிக் கிடக்கும்போது பூஜை போடாமல் விடலாமா? எல்லாப் பெட்டியையும் கத்தரித்து வெளியே எடுத்தேன். நல்லப்பன் கொடுத்த காருக்குப் பேர் மஸ்தான், அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். பாய் வண்டி ஆச்சே, குங்குமம் வைக்கலாமா என்று எதிர்க்கடை இப்ராஹிம் பாயைக் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "மஸ்தான்னா சந்தனம் மட்டும் வைங்கம்மா, போதும்" என்றார். அப்படியே வைத்து, சாம்பிராணி கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன், மரியாதை தெரியாதவளா நான்? சக்கரத்தில் வைக்க எலுமிச்சம்பழம் எடுத்தால் பழம் காரைவிடப் பெரிசாய் இருக்கு. காலைப் பலகாரத்துக்கு வாங்கின அவித்த பட்டாணியைச் சக்கரத்துக்கு ஒன்றாய் வைத்து ஏற்றினேன். லட்சணமாய் நசுங்கியது.

வேலை முடிந்து வந்த பாலா, "அமலே!" என்று பர்மாக்காரன் மாதிரி தலையில் கைவைத்தான். பாட்டி என்று வராது அவன் வாயில், பர்மியத்தில் அப்வாதான். "அப்வா, அது மஸ்தான் இல்ல, மஸ்டாங்! குதிரை!" என்றான். "குதிரைக்கு ஏதுடா சக்கரம்?" என்றேன். அன்றிலிருந்து நான் வடிக்கிற சோற்றைத் தொடாமல் கடையில் மொஹிங்கா தின்றுவிட்டு வருகிறான். திட்டியிருந்தாலும் பரவாயில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுகிறான் தம்பி. அந்தப் பெண்ணை அவ்வளவு நினைத்திருக்கிறான்.

மாண்டலே போயிருக்கும் நல்லப்பன் தீபாவளிக்கு வருவார். பிரித்த பெட்டியைப் பார்த்தால் சம்பந்தம் போச்சு. ஆகவே உன் கடையில் அதே மஸ்தான், சிவப்பு, பழசு, பெட்டி பிரியாதது இருந்தால், இந்தக் கடிதம் கொண்டுவரும் அய்யாசாமியிடமே கொடுத்தனுப்பு. என் பேர் வெளியே வரக்கூடாது. நான் செய்தது தப்பு என்று எங்கேயும் எழுதவில்லை, கவனி.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி அண்டாமல், கடையில் கூட்டம் குறையாமல், உன் முட்டி சீக்கிரம் மடங்கி நிமிர ஆசீர்வாதம்.

உன் அக்காள்
ஜெயம்மா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் நல்லப்பனே ரூபாவோடு வந்து நின்றுவிட்டார். மஸ்தானைக் கையில் எடுத்தார். சந்தனத்தைப் பார்த்தார், சக்கரத்தில் ஒட்டிய பட்டாணியைப் பார்த்தார். "காப்பாத்தச் சொன்னேனே தம்பி" என்றார். பாலா என்னைக் காட்டிக்கொடுக்காமல் தலைகுனிந்து நிற்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் ரூபா, "ஏம்ப்பா, கட்டிக் குடுத்தா என்னையும் பெட்டி பிரிக்காமத்தான் வச்சிருக்கணுமா?" என்று கேட்டாளே ஒரு கேள்வி! எதிர்க்கடையில் பாய் சிரித்த சிரிப்பு இங்கே கேட்டது. நல்லப்பன் காதெல்லாம் சிவந்து, காரைத் தரையில் வைத்து லேசாய் ஒரு தள்ளு தள்ளினார். அது அடுப்படி வரை ஓடியது. "இது ஓடும்னே எனக்குத் தெரியாதும்மா" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

ஆகவே கார் வேண்டாம், நீயே புறப்பட்டு வா. நிச்சயத்துக்கு நாள் பேச ஒரு பெரிய மனுஷன் வேண்டும். இங்கே இருக்கிற இரண்டு ஆம்பிளைகளும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, பழசு முந்துதா புதுசு முந்துதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உன் முட்டிக்குக் கொடுத்த ஆசீர்வாதத்தை மட்டும் கல்யாணம் முடியும்வரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மடங்கினால் நீயும் அவர்களோடு தரையில் உட்கார்ந்துவிடுவாய்.