பெரிய மச்சானுக்கு, ஜாஸ் வகுப்பு விஷயமாக

போலாரம், செகந்தராபாத்
4-12-2012

கர்த்தருக்குள் பிரியமான பெரிய மச்சான் ஜோசியா அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஞானசௌந்தரியின் கணவன் ஸ்டான்லி ஸ்தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான், ஞானம், பிளெசி மூவரும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். வீட்டுச் சமாதானத்தைப் பற்றிப் பின்னால் வருகிறேன். நாசரேத்தில் தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். எங்கள் வீட்டில் போன் இருப்பது சமையலறை வாசலில். விஷயமும் சமையலறையைப் பற்றியது.

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் சும்மா இருக்கிறேன், சும்மா இருந்துகொண்டே அவளுக்குச் சமையல் சொல்லித் தருகிறேன் என்பது ஞானத்தின் குறை. அப்பாவை எங்கேயாவது சேர்த்துவிடு என்று அவள் சொல்லச் சொல்ல, சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் பிளெசி கம்ப்யூட்டரில் தேடி, ஜாஸ் இசை அமைப்பாளர்களுக்கு சிகாகோவிலிருந்து இலவசமாக ஒரு ஆன்லைன் பயிற்சி நடக்கிறது, ஆறு வகுப்பு, நம்மூர் நேரத்துக்கு சனிக்கிழமை காலை ஏழரை மணி என்று கண்டுபிடித்தாள். ஜாஸ் எனக்குப் புதிதல்ல மச்சான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் செகந்தராபாத் கிளப் ஒன்றில் கிறிஸ்துமஸ் நடனத்துக்கு வாசித்ததை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவன் நான். நேராகப் போகத் தெரிந்த மனிதன் வேண்டுமென்றே சந்து சந்தாகப் புகுந்து, கடைசியில் சரியான நேரத்துக்கு வீடு வந்து சேர்வதுதான் ஜாஸ். ஆனால் வகுப்பில் சேர்வதற்கு மூன்று நிமிட அளவில் சொந்தமாக ஒரு பாட்டு அமைத்து அனுப்ப வேண்டுமாம். நான் இரண்டு வாரம் முயன்று, 'போலாரம் காலை' என்று ஒன்றை அமைத்து, கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது, வெளியே பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் கிளம்ப மாட்டேன் என்கிறது, நடுவில் தங்கள் தங்கை வெங்காயம் நறுக்கிக்கொண்டு முனகிப் பாடுகிறாள். அந்தச் சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு அனுப்பு என்று பிளெசியிடம் சொன்னால், "நக்கோ டாடி, இட்ஸ் ஃபைன்" என்று அப்படியே அனுப்பிவிட்டாள். உலகம் முழுவதிலுமிருந்து பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவன் தங்கள் மைத்துனன். போதகர் அதை ஆராதனையில் அறிவிப்பாக வாசித்தார், நான் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன், லட்டு கிடைக்கவில்லை என்று இருவர் இன்றும் என்னிடம் பேசுவதில்லை.

முதல் வகுப்புக்கு மேலே கோட்டும் டையும் கட்டி உட்கார்ந்தேன். கீழே சாரம்தான், மேசை மறைக்கும் என்ற தைரியம். டெல்லா என்ற ஆசிரியை, ஐம்பது வயதுக்காரி, பியானோ வாசிப்பவள், திரையில் தோன்றியதும் ஒரு பழக்கத்தில் மரியாதையாக எழுந்து நின்றுவிட்டேன். பிரேசில், ஃபின்லாந்து, ஜப்பான் தேசத்தார் எல்லாரும் என் கட்டம் போட்ட சாரத்தைப் பார்த்தார்கள். அதைக்கூட நம் நாட்டு உடை என்று சமாளித்தேன். இரண்டாவது வகுப்பில்தான் இடி விழுந்தது. என் பதிவை எல்லாருக்கும் போட்டுக் காட்டினாள். நான் டையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன். பாதியில் நிறுத்தி, "மிஸ்டர் ஸ்டான்லி, பாடுவது யார்?" என்று கேட்டாள். பாடுவதா என்று நான் விழிக்க, அதே இடத்தை மறுபடி போட்டாள். தங்கள் தங்கையின் வெங்காயப் பாட்டு மச்சான்! "இதோ, இந்த இடம், இரண்டு கட்டைக்கும் நடுவில், ஒரு நூல் கீழே நிற்கிறாள் பாருங்கள். பியானோவில் இதை வாசிக்கவே முடியாது. இதற்குத்தான் ப்ளூ நோட் என்று பெயர். இதைப் பிடிக்க எனக்கு இருபது வருடம் ஆயிற்று" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். கீபோர்டு எப்படி என்று கேட்டேன். "அது அந்தக் குரலுக்குக் குறுக்கே வரவில்லை" என்றாள். இதைப் பாராட்டு என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஹைதராபாத்தின் பெரிய பாடகி ஒருவரை அமர்த்தினேன் என்று வாய் தவறி வந்துவிட்டது. உடனே அவள், கடைசி வகுப்பில் சிகாகோவில் நான்கு பேர் என் பாட்டை வாசிப்பார்கள், அந்தப் பாடகி இங்கிருந்தே திரையில் நேரடியாகப் பாட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். பொய்யைக் காப்பாற்ற ஒரு காலத்தில் நான் நடத்திய எங்கள் சபைக் கொயரின் புஷ்பா டீச்சரிடம் போனேன். அந்த அம்மாள் சுருதி பிசகாதவர். பிசகாமலேயே பாடினார். தேசிய கீதம் மாதிரி இருந்தது. கொஞ்சம் கீழே இறக்குங்கள், இன்னும் ஒரு நூல் என்று நான் ஒரு மணி நேரம் கெஞ்சியதில் அவருக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். அந்த வாரமே மாதர் சங்கக் கூட்டத்தில் ஞானத்திடம், "உங்க வீட்டுக்காரர் ஏதோ தப்பா பாடச் சொல்லித் தர்றார், நீங்க வீட்ல பாடுற மாதிரியே வரணுமாமே?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

ஞானம் வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"எம்பத்தெட்டுல, ஈஸ்டர் பிராக்டிஸ்ல, அம்புட்டு பேருக்கும் முன்னாடி என்ன சொன்னீய?"

"எது ஞானம்?"

"'நீ வாய மட்டும் அசை, சத்தம் வேண்டாம், சுருதி கெடுது'ன்னு சொன்னீயல்லா. மூணு வருசம் நின்னு வெறும் வாய அசைச்சேன். பிறகு கொயருக்கே வரல. இப்ப எந்தச் சுருதியை ஊருல போய்க் கடன் கேக்கீய?"

மச்சான், அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை, அவள் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அன்றிலிருந்து சமையலறையில் பாட்டு இல்லை. குக்கர் மட்டும் பேசுகிறது. சாப்பாடு ஆயிற்றா என்றால் "ஹவ்." பேசலாமா என்றால் "நக்கோ." தமிழே மறந்து, இந்த ஊர் ஆமாவும் வேண்டாமும் மட்டும்தான் மிச்சம் போலிருக்கிறது. பிளெசியோ, "டாடி, யூ டிசர்வ் இட்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விடுகிறாள். இப்போதுதான் தெரிகிறது, இருபத்தெட்டு வருடமாக இந்த வீட்டில் காலையில் நான் கேட்டு விழித்தது அந்தக் குரலைத்தான். அது இல்லாமல் எனக்குப் பொழுதே விடிய மாட்டேன் என்கிறது. ஆகையால் தாங்கள் தயவுசெய்து, முழங்காலைப் பாராமல், கடைசி வகுப்பு நடக்கும் 15ஆம் தேதி சனிக்கிழமைக்கு முன் இங்கே வந்து, மூத்தவர் என்ற முறையில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வகுப்புக்காக மட்டும் கேட்கவில்லை. வகுப்புக்காகவும்தான் கேட்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும். வரப்போகிற பண்டிகையில் தங்கள் வீட்டில் குறைவில்லாத சமாதானம் தங்கட்டும். மிச்சமிருந்தால் கொஞ்சம் எங்களுக்கும் அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்
ஸ்டான்லி

பி.கு. (15-12-2012): தாங்கள் வர வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வெட்கப்பட்டுப் பதினொரு நாள் வேதாகமத்துக்குள்ளேயே வைத்திருந்தேன். இன்று காலை ஏழரைக்குத் தனியாகத்தான் உட்கார்ந்தேன். சிகாகோவில் நான்கு பேரும் தயாராக இருந்தார்கள். பெரிய பாடகி யாரும் கிடையாது, அது என் மனைவி, அவளை வாயை மூடச் சொன்னவன் நானே என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஞானம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தள்ளி உக்காருங்க" என்றாள். பாடினாள். மச்சான், சத்தத்தோடு பாடினாள். முடிந்ததும் டெல்லா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ஞானம் என்னைப் பார்த்து, "அவ சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க" என்றாள். "நான்தான் தப்பா கேட்டுட்டேன் ஞானம்" என்றேன். அவள் எழுந்து போகவில்லை. இதை இவர் உங்களுக்குச் சொல்லித்தர எத்தனை நாள் ஆயிற்று என்று அந்த மேடம் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். "இவரா? பிளெசிக்குத் தொட்டில்ல நான் சொந்தமா கட்டிப் பாடுனதுல்லா இது! கேட்டுக் கேட்டு இவருக்கு மண்டையில ஏறிட்டுது" என்றாள் தங்கள் தங்கை. அதையும் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. ஆகவே மேலே நான் அமைத்தேன், என் பாட்டு என்று எழுதியிருக்கும் இடங்களிலெல்லாம் ஞானத்தின் பாட்டு என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். மேற்கொண்டு எழுத நேரமில்லை. இன்னும் ஏழெட்டுப் பாட்டு கையில் இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள், சிகாகோவில் யாரும் எழுந்து போக மாட்டேன் என்கிறார்கள், இட்லி மாவை நான்தான் ஊற்ற வேண்டும்.